மரை கழண்ட சைக்கிள்கள்

டிஸ்கி: இது சைக்கிள் பதிவு. அதிலும் சைக்கிளின் அடிவயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு சமாச்சாரத்தைப் பற்றிய பதிவு. உங்கள் வீட்டில் யாரும் லட்ச ரூபாய் சைக்கிளுக்கு அடிபோடவில்லை என்றால் இத்துடன் எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் பெங்களூர், புனே, ஹைதராபாத், குர்காவ் என்று பொட்டி தட்டப் போன நம் குடும்பங்களில் அப்படிப்பட்ட பாக்கியவான்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கார்பன் ஃபிரேம்களில் மரையை எடுத்துவிட்டு, "பிரஸ்ஃபிட்" என்று பெயர் வைத்து, பாட்டம் பிராக்கெட்டை அழுத்திச் செருகி விற்றார்களே, அது செய்கிறவனுக்குச் சௌகரியம், வாங்குகிறவனுக்குத் தண்டச்செலவு. இதுதான் என் கட்சி. "அண்ணே, அது பழைய சண்டை, எல்லாரும்தான் மரைக்குத் திரும்பிட்டாங்களே" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பாட்டம் பிராக்கெட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பெடலையும் தாங்கும் கிராங்குக்கு நடுவில் ஒரு அச்சு இருக்கிறது அல்லவா, அது ஃபிரேமின் அடியில் ஒரு உருளைக் கூட்டுக்குள் சுற்றுகிற இடம். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும். ஓவராயிலுக்கு விட்டால் கடைக்காரர் காட்டர் பின்னைத் தட்டிக் கழற்றி, கப்பைத் திருகி எடுத்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸை அப்பி, ஒவ்வொன்றாக அடுக்குவாரே, அந்த இடம். சுருக்கமாக பி.பி. நாம் மிதிக்கும் மிதி மொத்தமும் முதலில் வந்து இறங்குவது அங்கேதான். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800 சுற்று. ஒரு 200 கிலோமீட்டர் பிரெவேயை 10 மணி நேரத்தில் முடிக்கிறவர், நடுவில் நிற்காமல் மிதித்தார் என்று வைத்துக்கொண்டால், 48,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வலது கால் ஒரு அழுத்து, இடது கால் ஒரு அழுத்து. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஆட்டிப் பார்க்கிற அந்த வேலையை ஒரு லட்சம் தடவை தாங்கியும் அசையாமல் நிற்க வேண்டும். பி.பி.க்கு வேறு வேலையே கிடையாது.

அது எப்படி நின்றது? மரையில் நின்றது. கூட்டின் உள்பக்கம் மரை, கப்பின் வெளிப்பக்கம் மரை. திருகி இறுக்கினால் முடிந்தது. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, கூட்டின் அகலம் 68 மில்லிமீட்டர். இந்த அளவுக்கு உலகம் முழுக்க என்ன பெயர் தெரியுமா? பி.எஸ்.ஏ. ஆமாம், நம் அக்காமார் ஓட்டிய பி.எஸ்.ஏ. லேடிபேர்டு, அண்ணன்மார் ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். இருக்கே, அதே பி.எஸ்.ஏ. தான். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்பெனி சைக்கிளும் செய்தது. பெயர் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக அம்பத்தூருக்கு வந்தது. மரை அளவு இத்தாலியும் பிரான்சும் தவிர மற்ற பெரும்பாலான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மரையில் இருக்கும் புத்திசாலித்தனத்தைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. இடது பக்கக் கப் வழக்கமான வலஞ்சுழி மரை. செயின் இருக்கும் வலது பக்கக் கப் மட்டும் இடஞ்சுழி. ஏன்? ஒரு வளையத்துக்குள் பென்சிலை விட்டு, வளையத்தின் ஓரத்தில் அழுத்தியபடி வட்டமாகக் கொண்டுபோனால், பென்சில் தன்னளவில் எதிர்த் திசையில் உருளும். பெடல் மிதிக்கும்போது கப்புக்குள் இதே கூத்துதான் நடக்கிறது. வலது பக்கமும் சாதாரண மரை இருந்தால் மிதிக்க மிதிக்க அது கழன்றுகொண்டு வரும். எதிர்மரை போட்டால் அதே விசை இறுக்கமாக வைத்திருக்கும். இடது பெடலுக்கு மட்டும் மரை மாறியிருப்பதும் இதனால்தான். கழற்றத் தெரியாமல் மாற்றித் திருகிக் கடைக்காரரிடம் திட்டு வாங்காத பையன் எந்த ஊரிலாவது உண்டா? :)

இப்படி நூறு வருஷமாக மக்கள் அனுபவித்துத் தேறிய ஒரு ஏற்பாட்டை எதற்காக மாற்றினார்கள்?

மாற்றியவர்களுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1.37 அங்குலம் என்பது 35 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் பேரிங்கையும் வைத்து அச்சையும் விட்டால் அச்சு ஒல்லியாகத்தான் இருக்கும். ஷிமானோ இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தது. பேரிங்கைக் கூட்டுக்கு வெளியே தள்ளி, உள்ளே 24 மில்லிமீட்டர் குழாய் அச்சை விட்டது. ஹாலோடெக் 2 என்று 2003 வாக்கில் வந்தது. கூடு அதே பி.எஸ்.ஏ. கூடு. மரையும் அதே மரை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. அதற்கு முன்பே 2000-ல் கேனண்டேல், அலுமினியத்தில் 30 மில்லிமீட்டர் அச்சு செய்து, 42 மில்லிமீட்டர் துளையில் பேரிங்கை நேராக அழுத்தி வைக்கும் பிபி30-ஐக் கொண்டுவந்திருந்தது. 2006-ல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்தும் விட்டது. நல்ல மனசுதான். அலுமினிய ஃபிரேமில், உலோகக் கூட்டை மிஷினில் ஒழுங்காகக் கடைந்து செய்தால் அது வேலையும் செய்யும். பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள் பாருங்கள்! ட்ரெக் 2007-ல் பிபி90 என்று 90 மில்லிமீட்டர் அகலத்தில், பேரிங்கைக் கார்பனிலேயே நேராக உட்கார வைத்தது. ஷிமானோ பக்கம் பிபி86 என்று 86.5 மில்லிமீட்டர் அகலம், 41 மில்லிமீட்டர் துளை. ஸ்ராம் பிஎஃப்30 என்று 46 மில்லிமீட்டர் துளையில் பிளாஸ்டிக் கப். செர்வெலோ அதே 46-ல் அகலத்தை மட்டும் 79 ஆக்கி, அதுவும் ஒரு பக்கம் மட்டும் நீட்டி, பிபிரைட் என்றது. எஃப்எஸ்ஏவும் வில்லியரும் சேர்ந்து 46 துளை, 86.5 அகலம் என்று பிபி386. கேனண்டேல் தன் பிள்ளையைத் தானே மாற்றி 73 மில்லிமீட்டரில் பிபி30ஏ.

இது அத்தனைக்கும் அவர்கள் வைத்த பெயர் "ஸ்டாண்டர்டு". ஒரு தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் ஏழு விதமாக நாள் காட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரும் "இதுதான் பஞ்சாங்கம்" என்றால் எப்படி இருக்கும்? நாட்டுக்கு ஒரே மாதிரி இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும்.

இனி கார்பன். சண்டையின் மையமே இதுதான்.

பேரிங்கை ஒரு துளையில் அழுத்தி நிறுத்துவது ஒன்றும் மந்திரமில்லை. உங்கள் மோட்டார் பைக் இன்ஜினில், வாஷிங் மெஷினில், மிக்ஸியில் எல்லாம் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் அதற்கு மூன்று சத்தியங்கள் காப்பாற்றப்பட வேண்டும். துளையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்கு மேல் பிசகக் கூடாது. துளை வட்டமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். தலைமுடி ஒன்றின் தடிமனுக்கும் குறைவான கணக்கு இது.

கார்பன் ஃபிரேம் எப்படிச் செய்கிறார்கள்? பிசின் ஊறிய கார்பன் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, கையால் அடுக்கி, அச்சுக்குள் வைத்து, உள்ளே பலூன் மாதிரி ஒன்றை ஊதி, சுட்டு எடுக்கிறார்கள். வெளிப்பக்கம் உலோக அச்சில் படிவதால் பளபளவென்று அளவாக வரும். உள்பக்கம்? பலூன் எப்படி அழுத்தியதோ, துணி எப்படி மடிந்ததோ அப்படி. பேரிங் உட்காருவதோ உள்பக்கம்! அதனால் ஒன்று, பிற்பாடு மிஷினில் வைத்து இரண்டு துளையையும் ஒரே பிடியில் கடைய வேண்டும். அல்லது ஒரு அலுமினியக் குழாயைத் துல்லியமாகச் செய்து உள்ளே ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் நேரம், ஆள், காசு. அதை மிச்சம் பிடிக்கத்தானே பலர் மரையையே விட்டார்கள்? மரை வேண்டுமென்றால் அலுமினியக் கூடு கட்டாயம், ஏனென்றால் கார்பனில் மரை வெட்டினால் நிற்காது. மரை வேண்டாம் என்றால் கூடும் வேண்டாம். கூடு வேண்டாம் என்றால் எடையும் குறைவு, செலவும் குறைவு. விளம்பரத்தில் எடையை மட்டும் சொன்னார்கள்.

மரைக்கூட்டில் பிசகு வராதா? வரும். ஆனால் அதைச் சரிசெய்யும் கருவி சாதாரணப் பட்டறையிலேயே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் கோர்த்த மாதிரி டாப் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் மரை சுத்தமாகும், நேர்க்கோடும் கிடைக்கும். முகத்தைச் சமமாகச் சீவவும் ஒரு கட்டர் உண்டு. பிரஸ்ஃபிட் கார்பன் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? சேர்க்க முடியாது, பசைதான் தடவ முடியும். அல்லது இன்னும் பெரிய பேரிங்தான் தேட முடியும். பிபி90 ஃபிரேம்களில் தேய்ந்துபோன கூட்டுக்கென்றே கொஞ்சம் பருத்த பேரிங் தனியாக விற்கப்பட்டது. செருப்பு தளர்ந்துவிட்டால் காலை வீங்க வைப்பது மாதிரியான வைத்தியம்.

என் நேரடி அனுபவம் ஒன்று. எங்கள் குடியிருப்பில் பி விங்கில் ஒரு மதுரைக்காரக் குடும்பம் இருந்தது. அண்ணனுக்கு வங்கி வேலை, மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். பையன் பதினொன்றாம் வகுப்பு, மாவட்ட அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவன். 2021-ல் அவனுக்காக ஒரு பழைய கார்பன் சைக்கிள் வாங்கினார்கள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கம்பெனி பெயர் வேண்டாம், பெரிய கம்பெனி. 46 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கப் வகை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் "டக்... டக்..." என்று ஆரம்பித்தது. சிங்ககட் ஏற்றத்தில் அவன் வருவது அடுத்த வளைவிலேயே கேட்கும். கடையில் கழற்றி, கிரீஸ் போட்டு, மாட்டினார்கள். இரண்டு வாரம் அமைதி. மறுபடி டக். புது கப், புது பேரிங். ஒரு மாதம். மறுபடி டக். ஒவ்வொரு தடவையும் மூவாயிரம், நாலாயிரம். கம்பெனியிடம் கேட்டால் "சத்தம் என்பது குறைபாடு ஆகாது, பராமரிப்பு விஷயம்" என்று பதில். வீட்டு அக்கா என் தங்கமணியிடம் சொன்னது இது: "இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிருந்தா நானாச்சும் மண்டைக்குப் போயிட்டு வந்திருப்பேன்ல."

ஏ விங்கில் இருக்கும் அண்ணாச்சி விருதுநகர்க்காரர். சாக்கனில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறார். இருபது வருஷமாக அவர் பிழைப்பே பேரிங் உட்காரும் துளையை அளப்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர் கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தார். கப்பைக் கழற்றிவிட்டு மேல் கீழாக அளந்தார், பக்கவாட்டில் அளந்தார், அடுத்த பக்கம் போய் அளந்தார். மேல் கீழுக்கும் பக்கவாட்டுக்கும் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். கேஜைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இது பேரிங் உக்கார்ற எடமா, பணியாரக் குழியா? இந்த மாதிரி ஒன்னு எங்க லைன்ல வந்துச்சுன்னா அந்த லாட்டையே திருப்பி அனுப்பிருவோம். ஆறாயிரம் ரூவா வண்டிப் பாகத்துக்கே அப்படி. இதுக்கு ஒரு லட்சமா?"

நான் இத்தனை வரிகளில் சொல்ல வருவதை அண்ணாச்சி மூன்று வரியில் சொல்லிவிட்டார். இருந்தாலும் தொடர்கிறேன்.

2023-ல் அந்த அண்ணனுக்கு ராய்ப்பூருக்கு மாற்றல் வந்தது. புனேயிலாவது பேரிங் பிரஸ் வைத்திருக்கும் கடை நாலைந்து உண்டு. அங்கே போன புதிதில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் பாவம், தன்னிடம் இருந்ததை வைத்துச் செய்தார். மரக்கட்டை, சுத்தியல். கப் கோணலாக இறங்கி ஓரத்தில் கார்பன் சிராய்ந்துவிட்டது. அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பி.எஸ்.ஏ. கப் என்றால் ஒரு ஸ்பேனரோடு அவர் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்திருப்பார். அவருக்குத் தெரிந்த தொழிலைச் செல்லாததாக்கியது யார்?

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போகிற குடும்பங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நாம் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, ரெகுலேட்டர் எங்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில் போகிறோம். மூன்று வருஷத்தில் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவனுக்குப் பொது அளவு என்பது சௌகரியமல்ல, அடிப்படைத் தேவை. குறிப்பிட்ட கம்பெனியின் குறிப்பிட்ட வருஷத்து கப், அதை இறக்கக் குறிப்பிட்ட கருவி, அது இருக்கும் குறிப்பிட்ட கடை என்று ஒரு சைக்கிள் நம்மைக் கட்டிப்போட்டால், சொந்த ஊரை விட்டு வந்தவன் வாங்க வேண்டிய சைக்கிள் அது இல்லை.

கடைசியில் அந்தப் பையனின் சைக்கிள் எப்படிச் சரியானது? இரண்டு கப்பும் கூட்டுக்குள்ளே ஒன்றோடொன்று திருகி இறுகிக்கொள்ளும் வகை பி.பி. ஒன்று உண்டு. வீல்ஸ் மேனுஃபாக்சரிங் போன்ற கம்பெனிகள் பிரஸ்ஃபிட் ஃபிரேம்களுக்காகவே செய்கின்றன. வரவழைத்து, சிராய்ந்த இடத்தைச் சுத்தம் செய்து, லாக்டைட் தடவி மாட்டினார்கள். சத்தம் நின்றது. கவனித்தீர்களா? மரை இல்லாத சைக்கிளுக்கு மருந்து மரைதான். ஃபிரேமில் இருந்த மரையை எடுத்தவர்கள் ஒரு தரப்பு, அதே மரையைத் தனியாகப் பொட்டலம் கட்டி விற்றுப் பிழைப்பவர்கள் இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புக்கும் காசு கொடுத்தது மதுரைக்காரர்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். சைக்கிள் குழுக்களில் இதைப் பேசினால் வரிசையாக வந்து விழும்.

"பிரஸ்ஃபிட்டில் தப்பில்லை, மோசமாகச் செய்த ஃபிரேமில்தான் தப்பு." கேட்க அழகாக இருக்கிறது. கையால் துணி அடுக்கிச் சுடுகிற ஒரு பொருளில், தலைமுடியை விடச் சின்னக் கணக்கு பிசகினால் கெட்டுப்போகும் ஒரு ஏற்பாட்டை வைத்தவர் யார்? தொழிற்சாலையில் எது நடக்குமோ அதற்குத் தக்கபடி வடிவமைப்பதுதான் இன்ஜினியரிங். நன்றாகச் செய்த பிரஸ்ஃபிட் ஃபிரேம்கள் இருக்கின்றன, பத்தாயிரம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடுகின்றன, மறுக்கவில்லை. கடையில் நிற்கும்போது எது நல்லது எது பணியாரக் குழி என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியுமா? அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டா போக முடியும்?

"வெறும் சத்தம்தானே, ஓட்டுவதற்கு என்ன?" சத்தம் வருகிறது என்றால் ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் அசைகிறது. அசைந்தால் தேயும். தேய்ந்தால் துளை பெரிதாகும். அதோடு மழை. ஈரம் உள்ளே இறங்கினால் பேரிங் துருப்பிடிக்கும். அலுமினியம் கார்பனைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரிக்கும், அதிலும் வியர்வையின் உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஜூனில் ஆரம்பித்துச் செப்டம்பர் வரை நனைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு "வெறும் சத்தம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. (மரைக்கூட்டில் ஒட்டிய அலுமினியமும் ஒட்டு விட்டுப்போவது உண்டு. மரை பி.பி.யும் கிரீஸ் காய்ந்தால் கத்தும். ஆனால் பெரும்பாலும் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டு இறுக்கினால் அடங்கிவிடும்.)

"எடை?" இந்த வாதத்துக்கு அதைத் தொடங்கிய தொழிலே பதில் சொல்லிவிட்டது. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2020-ல் கொண்டுவந்த ஏத்தோஸ் சைக்கிளின் உச்சரக ஃபிரேம், 56 அளவில் 585 கிராம் என்று அவர்களே அறிவித்தார்கள். கையில் எடுத்தால் ஒரு தண்ணீர் பாட்டில் கனம்தான். அதன் பி.பி. என்ன தெரியுமா? 68 மில்லிமீட்டர் பி.எஸ்.ஏ. மரை!

"பந்தயக்காரர்கள் எல்லாம் பிரஸ்ஃபிட்டில்தானே ஜெயித்தார்கள்?" ஜெயித்தார்கள். அவர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி மாட்ட மெக்கானிக் உண்டு, அடுத்த வருஷம் புது ஃபிரேம் உண்டு. நமக்கு இஎம்ஐ உண்டு. அதுவும் போகட்டும், 2020 செப்டம்பரில் இமோலாவில் உலக சாம்பியன் ஆன ஜூலியன் அலாஃபிலிப் ஓட்டியது டார்மாக் எஸ்எல்7. அந்த ஃபிரேமும் மரைதான். மரை இருந்ததால் அவர் எதில் பின்தங்கினார்?

இப்போது, "எல்லாரும்தான் திரும்பிட்டாங்களே" என்ற தம்பிகளுக்கு. ஆமாம், பலர் திரும்பினார்கள். ஆர்கோநாட்டும் கிரிஸ் கிங்கும் 2015-ல் டி47 என்ற பெரிய மரை அளவை முன்வைத்தார்கள். 47 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை. பெரிய கூடும் கிடைத்தது, மரையும் கிடைத்தது. ட்ரெக் 2019-ல் டொமானேயிலும் 2020-ல் எமோண்டாவிலும் டி47-க்கு வந்தது. டார்மாக் 2020-ல் பி.எஸ்.ஏ.வுக்கு வந்தது. பிபி30-ஐப் பெற்ற கேனண்டேலே 2023-ல் சூப்பர்சிக்ஸ் ஈவோவில் பி.எஸ்.ஏ. மரை போட்டது. போட்டபோது என்ன சொன்னார்கள்? "பராமரிக்க எளிது" என்று புதுச் சிறப்பம்சமாகவே விளம்பரம் செய்தார்கள்! பதினைந்து வருஷம் உங்கள் வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டு, திரும்பக் கட்டித் தரும்போது "வெளியே உட்காரும் வசதியுடன்" என்று சொல்வதுபோல. இடைப்பட்ட காலத்தில் வாங்கியவர்கள் கப்புக்கும் அடாப்டருக்கும் அழுத காசுக்கு யார் கணக்கு கொடுத்தார்கள்?

எல்லாரும் திரும்பவும் இல்லை. 2024-ல் வந்த ஜயண்ட் டிசிஆர் பிரஸ்ஃபிட் 86.5 அகலம்தான். டி47-லும் அகலம் ஒன்றல்ல, பேரிங் உள்ளேயா வெளியேயா என்று இரண்டு வகை. பழைய வியாதி புதுத் துணி கட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று எனக்கு ஒரு பயம்.

அதைவிட முக்கியம், அந்தப் பதினைந்து வருஷத்து ஃபிரேம்கள் எங்கே போயின? அழியவில்லை. பழைய சைக்கிள் சந்தையில் உலவுகின்றன. நம் வீட்டுப் பையனுக்கும் பெண்ணுக்கும் முதல் கார்பன் சைக்கிள் அங்கிருந்துதான் வரும். புதிதில் மூன்று லட்சம், இப்போது எண்பதாயிரம் என்று ஆசை காட்டும். அப்போது நிறத்தையும் கியரையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: "பி.பி. என்ன வகை? மரையா, அழுத்திச் செருகினதா?" விற்கிறவருக்குத் தெரியவில்லை என்றால் கவிழ்த்துப் பாருங்கள். கிராங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில், ஸ்பேனர் பிடிக்கப் பல் வெட்டிய வளையம் வெளியே தெரிந்தால் பெரும்பாலும் மரை. (அந்தப் பையன் மாட்டிய மாதிரி திருகிக்கொள்ளும் கப்பிலும் பல் இருக்கும். அதனால் அதோடு நிற்காமல் மாடல் பெயரையும் வருஷத்தையும் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.) பல் எதுவும் இல்லாமல் ஃபிரேமோடு ஒட்டினாற்போல் வழுவழுவென்று இருந்தால் செருகினது. செருகினதாக இருந்தால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து ஓட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். சமதரையில் உட்கார்ந்து ஓட்டினால் சில நேரம் ஊமையாக இருக்கும்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். சத்தம் இல்லை என்றால் தொடாதீர்கள். அடிக்கடி கழற்றி மாட்டுவதே துளையைத் தளர்த்தும். சத்தம் வந்தாலும் உடனே பி.பி.யைக் குற்றம் சொல்லாதீர்கள். சீட் போஸ்ட், பெடல், செயின்ரிங் போல்ட், பின் சக்கரத்தின் அச்சு என்று எல்லாமே கீழேயிருந்து வருவது போலவே கேட்கும். அவற்றையெல்லாம் கிரீஸ் போட்டுப் பார்த்த பிறகும் டக் டக் என்றால், மூன்றாவது தடவை அதே பிளாஸ்டிக் கப்புக்குக் காசு கொடுக்காமல், ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் வகையை உங்கள் கூட்டின் துளை, அகலம், கிராங்கின் அச்சு மூன்றையும் அளந்து சொல்லி வரவழையுங்கள். யார் சொன்னாலும் சுத்தியலை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள்.

பி.கு.: பழைய இத்தாலிய ஸ்டீல் ஃபிரேம் ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்கலாம். ஆனால் இத்தாலிய மரை 36 மில்லிமீட்டர், கூடு 70 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் வலஞ்சுழி. பி.எஸ்.ஏ. என்று நினைத்து வலது பக்கத்தை எதிர்த் திசையில் திருகினால் கழலுவதற்குப் பதில் இன்னும் இறுகும். கடையில் கொடுக்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.